எழுத்தில் பிழை, மடிப்பில் தீர்வு: அரிவாள் செல் சிகிச்சை உணர்த்தும் டிஎன்ஏ பாடம்

புதுடெல்லி: அரிவாள் செல் ரத்தசோகைக்கு இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட முதல் கிரிஸ்பர் மரபணு சிகிச்சைத் தொழில்நுட்பம் 2025 நவம்பர் 19 அன்று தலைநகர் டெல்லியில் அறிமுகப்படுத்தப்பட்டது. பழங்குடி மக்களின் தலைவர் பிர்சா முண்டாவின் 150-வது பிறந்த ஆண்டையொட்டி அதற்கு 'பிர்சா 101' என்று பெயர் சூட்டப்பட்டது. மத்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் இயங்கும் மரபணுவியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனம் உருவாக்கிய இத்தொழில்நுட்பத்தை மேலும் வளர்த்தெடுக்க சீரம் இன்ஸ்டிடியூட் நிறுவனத்துடன் ஒப்பந்தமும் கையெழுத்தானது.

இச்செய்தி வெளியானபோது பெரும்பாலும் பேசப்பட்டது செலவைப் பற்றியே. வெளிநாட்டில் கோடிக்கணக்கான ரூபாய் பிடிக்கும் சிகிச்சை இங்கு அதில் சிறு பங்குக்குக் கிடைக்குமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால், இந்த நோயின் சிகிச்சை வரலாற்றில் அதற்கு இணையான முக்கியத்துவம் கொண்ட மற்றொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. உலகில் முதன்முதலாக அங்கீகாரம் பெற்ற கிரிஸ்பர் சிகிச்சை, நோய்க்குக் காரணமான பிழையைத் திருத்துவதே இல்லை. பிழை இருந்த இடத்திலேயே இருக்கிறது. நோயாளியின் வேதனை மட்டும் விலகுகிறது. இது எவ்வாறு சாத்தியமாகிறது என்பதற்கான விடை, செல்லின் உட்கருவுக்குள் டிஎன்ஏ எவ்வாறு மடிக்கப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது.

ஓர் எழுத்தின் விலை

அரிவாள் செல் ரத்தசோகையின் மூலம் மிகச் சிறியது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்தின் ஒரு பகுதியான பீட்டா குளோபினை உருவாக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'டி' வந்துவிடுகிறது. அதன் விளைவாக, குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் அமர்கிறது. ஆக்சிஜன் குறையும்போது இத்தகைய ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீண்ட இழைகளாகின்றன. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள் போல் வளைந்து, விறைத்து, நுண்ணிய ரத்த நாளங்களை அடைத்துக்கொள்கிறது. தாங்க முடியாத வலி, ரத்தசோகை, பக்கவாதம், மண்ணீரல் சிதைவு, உறுப்புகளின் செயலிழப்பு ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன.

1949-ஆம் ஆண்டு லைனஸ் பாலிங் குழுவினர் இதனை ஒரு மூலக்கூறு நோய் என்று அறிவித்தனர். இத்தகைய அடையாளத்தைப் பெற்ற முதல் நோய் இதுவே. மூன்றே ஆண்டுகளில், 1952-இல், நீலகிரி மலைப் பகுதி மக்களிடையே இந்த மரபுக்கூறு இருப்பதை ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகியோர் கண்டறிந்து பதிவு செய்தனர். இந்தியாவில் இந்நோயின் வரலாறு எழுதத் தொடங்கிய இடம் அதுதான். அதன் பின்னர் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, மகாராஷ்டிரம், குஜராத், ஜார்க்கண்ட் எனப் பழங்குடி மக்கள் மிகுதியாக வாழும் பகுதிகளிலெல்லாம் இது பரவலாக இருப்பது தெரியவந்தது.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் பிரதமர் நரேந்திர மோடி தேசிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். 2047-ஆம் ஆண்டுக்குள் இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அகற்றுவதும், 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதும் இலக்குகளாக அறிவிக்கப்பட்டன. 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் 6 கோடிப் பேர் அளவுக்குப் பரிசோதனை நடந்திருப்பதாக அரசு தெரிவித்தது. 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயாளிகள் என்றும், அதைவிடப் பல மடங்கினர் நோயின்றி மரபுக்கூற்றை மட்டும் சுமப்பவர்கள் என்றும் கண்டறியப்பட்டது.

ஆக, யாருக்கு அந்தப் பிழை இருக்கிறது என்பதை அறியும் பணி வேகம் பிடித்திருக்கிறது. அறிந்த பின் என்ன செய்வது என்பதே அடுத்த கேள்வி.

இரண்டு மீட்டர் நூல்

ஒரு மனித செல்லில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டி வைத்தால் அதன் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். இரு பெற்றோரிடமிருந்தும் வந்த 46 குரோமோசோம்களில், சுமார் 600 கோடி எழுத்து இணைகளாக அது அமைந்திருக்கிறது. அதனைத் தாங்கும் உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு அளவே. உட்கருவை ஒரு சாத்துக்குடி அளவுக்குப் பெரிதாக்கினால், அதற்குள் இருக்கும் நூல் 20 கிலோமீட்டர் நீளமிருக்கும். தலைமுடியைவிட மெல்லியதாகவும் இருக்கும்.

நூலைச் சுருட்டித் திணித்துவிட்டால் போதுமென்றால் இது வெறும் இடப் பிரச்சினைதான். ஆனால், உள்ளே இருக்கும் எந்தப் பகுதியையும் தேவையான நேரத்தில் திறந்து படிக்க முடிய வேண்டும். செல் பிரியும்போது சிக்கலின்றி இரண்டாகப் பகிரவும் முடிய வேண்டும். எனவே இங்கு நடப்பது திணிப்பு அன்று, ஒழுங்கான அடுக்கல்.

அதன் முதல் படி ஹிஸ்டோன் எனப்படும் புரதங்கள். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஓர் உருளையின் மேல் டிஎன்ஏவின் 147 எழுத்து இணைகள் ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றப்பட்டிருக்கின்றன. நியூக்ளியோசோம் எனப்படும் இத்தகைய மணிகள் ஒரு செல்லில் ஏறத்தாழ 3 கோடி இருக்கின்றன. 1974-இல் ரோஜர் கோர்ன்பெர்க் இந்த அமைப்பை முன்மொழிந்தார். 1997-இல் கரோலின் லூகர் உள்ளிட்டோர் அதன் அணு அளவிலான படத்தை வெளியிட்டனர்.

அதற்கு மேல் வருவதுதான் இங்கு முக்கியம். மணிகள் கோத்த அந்த நூல் மீண்டும் வளையங்களாக மடிகிறது. அடுத்தடுத்த வளையங்கள் சேர்ந்து ஒரு வட்டாரமாகின்றன. ஒவ்வொரு குரோமோசோமும் உட்கருவுக்குள் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. செயல்படும் பகுதிகள் ஒருபுறமும் உறங்கும் பகுதிகள் மற்றொரு புறமும் ஒதுங்குகின்றன. உறங்கும் பகுதிகள் பெரும்பாலும் உட்கருவின் சுவரை ஒட்டியே இருக்கின்றன.

மடித்து அலமாரியில் வைத்த சேலையை எண்ணிப் பார்க்கலாம். விரித்தால் ஐந்தரை மீட்டர் தொலைவில் இருக்கும் இரண்டு ஓரங்கள், மடித்த நிலையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கும். டிஎன்ஏவிலும் அதுவே நிகழ்கிறது. எழுத்து வரிசையில் வெகு தொலைவில் இருக்கும் இரண்டு இடங்கள், மடிப்பினால் நெருங்கி வருகின்றன. அந்த நெருக்கமே ஒரு மரபணு பேச வேண்டுமா, மௌனம் காக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது.

யாரை யார் தொடுகிறார்?

மனித மரபணுத் தொகுதியில் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. மொத்த எழுத்துகளில் புரதத்துக்கான குறிப்பு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. எஞ்சிய பெரும்பரப்பில்தான் என்ஹான்சர் எனப்படும் தூண்டு பகுதிகள் சிதறிக் கிடக்கின்றன. இவை தாமாக எந்தப் புரதத்தையும் உருவாக்குவதில்லை. ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியை நெருங்கும்போது, அந்த மரபணுவை விழிக்கச் செய்கின்றன. மூளைச் செல்லிலும் ரத்தச் செல்லிலும் ஒரே டிஎன்ஏ இருந்தும் அவை வெவ்வேறாக இயங்குவதற்கு, எந்தத் தூண்டு பகுதி எங்கே விழித்திருக்கிறது, எதை நெருங்குகிறது என்பது முக்கியக் காரணம்.

இந்த நெருக்கங்களை அளப்பதற்கான வழியை 2002-இல் ஜோப் டெக்கர் குழுவினர் வகுத்தனர். செல்லுக்குள் தொட்டுக்கொண்டிருக்கும் டிஎன்ஏ பகுதிகளை ஃபார்மால்டிஹைடு கொண்டு அப்படியே உறையவைத்து, வெட்டி, அருகருகே இருந்த துண்டுகளை ஒட்டி, பின்னர் எழுத்துகளைப் படித்து, யார் அருகில் யார் இருந்தார் என்று கண்டறிவதே அந்த முறை. 2009-இல் ஹை-சி என்ற பெயரில் அது மரபணுத் தொகுதி முழுமைக்கும் விரிந்தது. 2012-இல் டிஎன்ஏ தனித்தனி வட்டாரங்களாகப் பிரிந்திருப்பதை இரண்டு குழுக்கள் வெளிப்படுத்தின. 2014-இல் வெளியான நுணுக்கமான வரைபடம் மனித செல்லில் சுமார் 10,000 வளையங்களை அடையாளம் காட்டியது.

வளையங்கள் எவ்வாறு உருவாகின்றன என்ற கேள்விக்கும் விடை கிடைத்திருக்கிறது. கோஹெசின் என்ற மோதிரம் போன்ற புரத அமைப்பு டிஎன்ஏவைப் பற்றி, நாடாவை வளையத்தின் வழியே இழுப்பது போல் இழுத்துக்கொண்டே செல்கிறது. சிடிசிஎஃப் என்ற மற்றொரு புரதம் நிற்கும் இடத்தில் அந்த இழுப்பு தடைபடுகிறது. அங்கே வளையத்தின் அடி அமைகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த கண்டென்சின் என்ற புரதம் டிஎன்ஏவை வளையமாக இழுப்பதை 2018-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் விஞ்ஞானிகள் நேரடியாகப் படம் பிடித்தனர். வினாடிக்கு 1,500 எழுத்து இணைகள் வரை அது இழுப்பதும் தெரிந்தது. அந்த ஆய்வின் முதல் ஆசிரியரான மஹிபால் கஞ்சி பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஆய்வுக்கூடம் அமைத்தார்.

குழந்தைகளுக்கு ஏன் நோய் தெரிவதில்லை?

மடிப்பைப் பற்றிய இந்த அறிவு அரிவாள் செல் நோயாளிக்கு எவ்வாறு பயன்படுகிறது என்பதை அறிய, 1948-க்குச் செல்ல வேண்டும். அமெரிக்காவின் புரூக்ளினில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன் ஒரு விந்தையைக் கவனித்தார். நோய்க்கூற்றுடன் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த முதல் சில மாதங்களில் நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் தென்படவில்லை. கருவில் இருந்தபோது உருவான ஹீமோகுளோபின் அவர்களைக் காத்து நிற்கிறது என்று அவர் கருதினார்.

அக்கருத்து சரியென நிறுவப்பட்டது. கருவில் இருக்கும் குழந்தை பீட்டா குளோபினைப் பயன்படுத்துவதில்லை. அதற்குப் பதிலாகக் காமா குளோபினைப் பயன்படுத்துகிறது. பிறந்த பிறகு சில மாதங்களுக்குள் காமா அடங்கி, பீட்டா அந்தப் பணியை ஏற்கிறது. பீட்டாவில் பிழை உள்ளவர்களுக்கு, அப்போதுதான் துன்பம் தொடங்குகிறது.

இந்த மாற்றம் மடிப்பின் மாற்றமாகும். 11-ஆவது குரோமோசோமில் குளோபின் மரபணுக்கள் ஐந்தும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசைக்கு முன்னால், பீட்டா மரபணுவிலிருந்து ஏறத்தாழ 50,000 எழுத்துகள் தொலைவில், எல்சிஆர் எனப்படும் கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது. கருவில் டிஎன்ஏ வளைந்து இப்பகுதியைக் காமா மரபணுக்களுடன் சேர்க்கிறது. பிறந்த பிறகு வளைவு மாறி, அதே பகுதி பீட்டாவைத் தொடுகிறது. எந்த மரபணுவின் எழுத்தும் மாறவில்லை. தொடர்பு மட்டுமே மாறியிருக்கிறது.

இதனை உறுதிப்படுத்தும் சான்றுகள் இரண்டு திசைகளிலிருந்து வந்தன. முதலாவது, ஒரு நோயாளிக் குடும்பத்திலிருந்து. 1983-இல் வெளியான ஆய்வில், பீட்டா மரபணு முழுமையாக, பழுதின்றி இருந்தும் அது செயல்படாத தலசீமியா விவரிக்கப்பட்டது. மரபணுவுக்கு வெகு தொலைவில் ஒரு பெரும் பகுதி காணாமல் போயிருந்ததே அதற்குக் காரணம். தூண்ட வேண்டிய பகுதி இல்லாதபோது, நல்ல மரபணுவும் ஊமையாகிவிடுகிறது.

இரண்டாவது சான்று 2014-இல் பிலடெல்பியா ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. கெர்ட் புளோபெல் குழுவினர், வளர்ந்த மனிதரின் ரத்தச் செல்களில் கட்டுப்பாட்டுப் பகுதியையும் காமா மரபணுவையும் இணைக்கும் வளையத்தைச் செயற்கையாக உருவாக்கினர். உறங்கிக்கொண்டிருந்த காமா விழித்தது. பீட்டாவின் உற்பத்தி குறைந்தது. மடிப்பு என்பது மரபணு செயல்படுவதன் விளைவு மட்டுமன்று, அதற்குக் காரணமாகவும் இருக்க முடியும் என்பதை இது காட்டியது.

பிழையைத் தொடாத சிகிச்சை

பிறந்த பிறகு காமாவை அடக்குவது யார்? 2008-இல் ஸ்டூவர்ட் ஆர்க்கின், விஜய் சங்கரன் உள்ளிட்டோர் பிசிஎல்11ஏ என்ற புரதத்தை அடையாளம் கண்டனர். காமா மரபணுவின் வாயிலில் அமர்ந்து அதனைப் பூட்டி வைப்பது இப்புரதமே. இதனை அகற்றினால் காமா மீண்டும் பேசும். ஆனால் பிசிஎல்11ஏ மூளைக்கும் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் தேவையானது. அதனை உருவாக்கும் மரபணுவையே சிதைப்பது ஆபத்தாகும்.

2013-இல் இதற்கு வழி பிறந்தது. அந்த மரபணுவுக்குள்ளேயே, சிவப்பணுவாக மாறவிருக்கும் செல்களில் மட்டும் அதனைத் தூண்டும் ஒரு தூண்டு பகுதி இருப்பது கண்டறியப்பட்டது. அதனை மட்டும் வெட்டினால், ரத்தத்தில் பிசிஎல்11ஏ குறையும். மூளையில் அது வழக்கம் போல் இயங்கும். ஒரு வீட்டின் முழு மின்சாரத்தையும் துண்டிக்காமல், ஓர் அறையின் விளக்கை மட்டும் அணைப்பதற்கு ஒப்பானது இது.

2023 நவம்பர் 16 அன்று பிரிட்டனும், டிசம்பர் 8 அன்று அமெரிக்காவும் 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு அங்கீகரித்த காஸ்கெவி சிகிச்சை செய்வது இதைத்தான். நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்கள் எடுக்கப்பட்டு, ஆய்வுக்கூடத்தில் கிரிஸ்பர் மூலம் அந்தத் தூண்டு பகுதி வெட்டப்படுகிறது. பின்னர் அச்செல்கள் நோயாளிக்கே திருப்பிச் செலுத்தப்படுகின்றன. அமெரிக்க ஒப்புதலின்போது மதிப்பிடப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு, தொடர்ந்து குறைந்தது 12 மாதங்கள் கடுமையான வலித் தாக்குதல் ஏற்படவில்லை. அவர்களது உடலில் அரிவாள் செல்லுக்குக் காரணமான எழுத்து இன்றும் பிழையாகவே இருக்கிறது. கருவில் பெற்றிருந்த ஹீமோகுளோபின் மீண்டும் கிடைத்ததால் அந்தப் பிழையின் கூர்மை மழுங்கியிருக்கிறது.

மரபணுவின் எழுத்தை மட்டும் படித்துக்கொண்டிருந்தால் இந்தச் சிகிச்சை யாருக்கும் தோன்றியிருக்காது. எந்தப் பகுதி, எந்தச் செல்லில், எதனைத் தூண்டுகிறது என்ற வரைபடம் கையில் இருந்ததால்தான் வெட்ட வேண்டிய இடம் தெரிந்தது.

இந்தியாவுக்கு இதன் பொருள் என்ன?

காஸ்கெவியின் அமெரிக்க விலை 22 லட்சம் டாலர். இந்திய மதிப்பில் 18 கோடி ரூபாய்க்கும் மேல். அதற்கு முன்னதாக நோயாளியின் பழைய எலும்பு மஜ்ஜைச் செல்களை அழிக்க வீரியமிக்க கீமோதெரபி மருந்து தரப்படுகிறது. அதனால் குழந்தைப்பேறு பாதிக்கப்படக்கூடும். நோயாளி பல வாரங்கள் தனிமைப்படுத்தப்பட்ட வார்டில் இருக்க வேண்டும். பஸ்தரிலோ கட்சிரோலியிலோ வாழும் ஒரு குடும்பத்துக்கு விலை மட்டுமே தடையன்று. விலை முழுமையாக நீங்கினாலும், அத்தகைய மருத்துவமனை எங்கே இருக்கிறது என்ற கேள்வி எஞ்சும். பிர்சா 101 போன்ற உள்நாட்டு முயற்சிகள் முதல் தடையைத் தகர்க்கக்கூடும். இரண்டாவது தடையைத் தகர்ப்பது, நோயாளிகள் வாழும் மாநிலங்களில் ஸ்டெம் செல் மாற்று மையங்களை அமைக்கும் அரசுகளின் பொறுப்பு.

அதுவரை கையில் இருக்கும் கருவி ஹைட்ராக்ஸியூரியா என்ற எளிய மருந்து. அதன் பயன்களில் முதன்மையானது, கருவில் சுரந்த அதே ஹீமோகுளோபினின் அளவை உயர்த்துவதுதான். கோடிகள் செலவாகும் மரபணு சிகிச்சையும், விலை குறைந்த இந்த மருந்தும் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. ஒன்று அதனை நிரந்தரமாகத் திறக்க முயல்கிறது. மற்றொன்று அன்றாடம் சிறிதளவு தள்ளித் திறக்கிறது. பரிசோதனையில் கண்டறியப்பட்ட ஒவ்வொருவருக்கும் இம்மருந்து தடையின்றிக் கிடைப்பதும், ரத்த அணுக்களின் அளவு முறையாகக் கண்காணிக்கப்படுவதும் இன்றே செய்யக்கூடியவை. அதனைச் செய்யாமல் மரபணு சிகிச்சையைப் பற்றி மட்டும் பேசுவது பசித்தவனுக்கு அடுத்த ஆண்டின் அறுவடையைக் காட்டுவது போலாகும்.

மூன்றாவது பணி ஆய்வு சார்ந்தது. இந்திய நோயாளிகளிடம் காணப்படும் மரபுக்கூறு பெரும்பாலும் அரபு-இந்திய வகையைச் சேர்ந்தது. இவ்வகையினரில் பலருக்குக் கரு ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கிறது. ஒடிசாவில் 1980-களில் நடந்த ஆய்வுகள், அங்குள்ள நோயாளிகளுக்குப் பாதிப்பு ஒப்பீட்டளவில் மிதமாக இருப்பதைப் பதிவு செய்தன. ஆனால் நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் அப்படியில்லை. கடும் துன்பத்துக்கு உள்ளாகும் நோயாளிகளும் ஏராளம். ஒரே எழுத்துப் பிழை, ஒரே வகை மரபுப் பின்னணி; எனினும் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவமனைக்கு வருகிறார், மற்றொருவர் மாதந்தோறும் வருகிறார். இந்த வேறுபாட்டின் ஒரு பகுதி, எந்தத் தூண்டு பகுதி எவ்வளவு வலுவாகச் செயல்படுகிறது என்பதில் இருக்கக்கூடும். அதனை இந்திய நோயாளிகளின் ரத்தச் செல்களில்தான் தேட முடியும்.

இந்தியா எழுத்துகளைப் படிப்பதில் நல்ல தொடக்கம் கண்டிருக்கிறது. ஜீனோம் இந்தியா திட்டத்தின் கீழ் 10,000 இந்தியர்களின் முழு மரபணு வரிசை 2025 ஜனவரி 9 அன்று ஆய்வாளர்களுக்காக வெளியிடப்பட்டது. ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் அது சேமிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நீட்டி வைத்த நூலில் எழுதப்பட்டதை மட்டுமே எழுத்து வரிசை தரும். அந்த நூல் ஒரு சிவப்பணு முன்னோடிச் செல்லில் எவ்வாறு மடிந்திருக்கிறது என்பதைத் தராது.

செயற்கை நுண்ணறிவு இந்த இடைவெளியை நிரப்பிவிடும் என்ற நம்பிக்கையும் எழுந்திருக்கிறது. 2025 ஜூனில் கூகுள் டீப்மைண்ட் அறிமுகப்படுத்திய ஆல்ஃபாஜீனோம், 10 லட்சம் எழுத்துகள் வரை உள்ளீடாகப் பெற்று, எந்தப் பகுதி எதனைத் தொடும் என்பதையும் கணிக்கிறது. பெரும் முன்னேற்றம்தான். எனினும், ஒரு லட்சம் எழுத்துகளுக்கு அப்பால் இருக்கும் தூண்டு பகுதிகளின் விளைவைத் துல்லியமாகக் கணிப்பது இன்னும் சவாலாகவே இருப்பதை அதனை உருவாக்கியவர்களே குறிப்பிட்டுள்ளனர். மேலும், கணிப்பு என்பது கற்பித்த தரவின் எல்லைக்குள்தான் நிற்கும். இந்திய நோயாளிகளின் செல்களிலிருந்து அளவீடுகள் இல்லாவிட்டால், அவர்களைப் பற்றிய கணிப்பைச் சரிபார்க்கவும் வழியிருக்காது.

எச்சரிக்கையும் எதிர்பார்ப்பும்

மடிப்பைத் தொடுவது விளையாட்டன்று. அதற்கும் சான்று இருக்கிறது. 2015-இல் ஜெர்மனி விஞ்ஞானிகள், கைவிரல்கள் பிறவியிலேயே உருக்குலைந்த சில குடும்பங்களை ஆராய்ந்தனர். அவர்களிடம் விரல் வளர்ச்சிக்கான மரபணு பழுதாகவில்லை. இரண்டு டிஎன்ஏ வட்டாரங்களுக்கு இடையே இருந்த எல்லைதான் சிதைந்திருந்தது. வேலி சாய்ந்ததால், ஒரு வீட்டுக்கான தூண்டு பகுதி பக்கத்து வீட்டு மரபணுவைத் தவறாக விழிக்கச் செய்திருந்தது. கோஹெசின் அமைப்பில் ஏற்படும் பிழைகள் பிறவிக் குறைபாடுகளுடனும் சில புற்றுநோய்களுடனும் தொடர்புடையவை என்பதும் அறியப்பட்டதே. எனவே, திருத்தப்பட்ட செல்களைப் பெற்ற நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிப்பது இச்சிகிச்சையின் ஓர் அங்கமாக இருக்க வேண்டும்.

மற்றொரு கடமையும் உண்டு. ரத்த மாதிரியைத் தரப்போகிறவர்களில் பெரும்பாலோர் பழங்குடி மக்கள். அவர்களது செல்களிலிருந்து பெறப்படும் அறிவு யாருக்குச் சொந்தம், அதிலிருந்து உருவாகும் சிகிச்சையில் அவர்களுக்கு முன்னுரிமை உண்டா என்பதை அவர்கள் மொழியிலேயே விளக்கி, இசைவு பெற்ற பின்னரே ஆய்வு தொடங்க வேண்டும். ஒரு சிகிச்சைக்குப் பிர்சா முண்டாவின் பெயரைச் சூட்டிய நாட்டுக்கு அந்தப் பொறுப்பு இன்னும் கூடுதலாகவே இருக்கிறது.

அரிவாள் செல் நோயின் அமினோ அமிலப் பிழை 1950-களிலேயே தெளிவாகத் தெரிந்துவிட்டது. பிழை தெரிந்தும் சிகிச்சைக்கு ஏழு பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த எழுத்து இருக்கும் நூல் எவ்வாறு மடிகிறது, எதனோடு எது பேசுகிறது என்ற புரிதல் வளர்ந்த பிறகுதான் கதவு திறந்தது. 6 கோடிப் பேரின் ரத்தத்தைப் பரிசோதித்து, பிழையுள்ளவர்களின் கையில் அட்டை ஒன்றைக் கொடுத்திருக்கிறது இந்தியா. அந்த அட்டையை வாங்கியவர்கள் மீண்டும் ஏழு பத்தாண்டுகள் காத்திருக்க நேராமல் பார்த்துக்கொள்வதே இந்த இயக்கத்தின் உண்மையான அளவுகோலாக இருக்கும்.